மூன்றாம் வளைவில் தூக்கிய கால்

விவேக் நகரில், குழந்தை இயேசு ஆலயத்திற்குப் பின்னால் குடியிருக்கும் சிரில், பீன்யாவிலுள்ள ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அளவுக் கருவிகளைச் சோதித்துச் சான்று எழுதி வருபவர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கையெழுத்துப் போடமாட்டார். மற்றவர்கள் கண்மட்டத்தில் முடிக்கும் வேலைகளையும் அளந்து பார்த்தே முடிப்பார். ஆணி அடிக்கும் இடத்தைக்கூட மூன்று முறை குறித்த பிறகே சுத்தியலை எடுப்பார்.

நாற்பத்து நான்காம் வயதில் அவரை ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ஈஜிபுராவில் பட்டறை வைத்திருக்கும் நாகேஷ், ஒரு பழைய காரின் பின்இருக்கைகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு பொருத்தி, பந்தயத்துக்கு ஏற்றதாக மாற்றிக் கொடுத்தார். மாதம் ஒரு ஞாயிறு, சென்னைச் சாலையில் உள்ள பந்தயத் தளத்திற்கு அதை இழுத்துச் செல்வார்கள். காரில் தீப்பெட்டி அளவில் ஒரு பதிவுக் கருவி இருந்தது. எந்த இடத்தில் என்ன வேகம், ஆக்சிலேட்டர் எவ்வளவு மிதிபட்டது என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் அது எழுதி வைக்கும். வீடு திரும்பியதும் சிரில் அதை மடிக்கணினியில் கோடுகளாக விரித்து, ஒரு வாரம் அதிலேயே ஆழ்ந்திருப்பார்.

அவருடைய மனைவி யூனிஸ் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இரண்டு ஆண்டுகள் தளத்தின் ஓரத்தில் குடை பிடித்து, எலுமிச்சம் சாதப் பாத்திரத்தைக் காவல் காத்தவர். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு பயிற்சி நேரம் காலியாக இருந்தபோது, "சும்மா ஒரு சுற்று போய் வரட்டுமா?" என்று கேட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். அன்று தொடங்கியது சிரிலின் வயிற்றெரிச்சல்.

சென்ற பயிற்சியில் சிரிலின் மிகச் சிறந்த சுற்று இரண்டு நிமிடம் பதினான்கு புள்ளி எட்டு விநாடி. யூனிஸின் சுற்று பதின்மூன்று புள்ளி ஐந்து. ஒன்று புள்ளி மூன்று விநாடி வித்தியாசம். பருவத்தின் கடைசிப் பந்தயத்துக்கு ஒரு காருக்கு ஓர் ஓட்டுநர் பெயர்தான் தரலாம். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். மூன்று ஆண்டுகளாக பெயர் கேட்கும் கட்டத்தில் தம் பெயரைத் தவிர வேறொன்றை எழுத வேண்டியிருக்கும் என்று சிரில் நினைத்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் கணக்கில் இறங்கினார். அந்த ஒன்று புள்ளி மூன்றுக்கு யூனிஸைத் தவிர வேறு ஏதாவது காரணமாக இருந்தாக வேண்டும். தாம் ஓட்டியபோது பெட்ரோல் நிறைந்திருந்தது. அவள் ஓட்டியபோது பாதி. அது பதினைந்து கிலோ. அவள் உடல் எடை தம்மைவிட இருபத்தாறு கிலோ குறைவு. பத்து கிலோவுக்கு புள்ளி இரண்டு விநாடி என்று கொண்டால், எடையால் மட்டுமே புள்ளி எட்டு விநாடி போய்விடுகிறது! சிரிலின் முகம் மலர்ந்தது. உறுதிப்படுத்திக்கொள்ள நாகேஷுக்குத் தொலைபேசினார்.

"நாகேஷ், யூனிஸ் ஓட்டறப்ப டேங்க்ல எவ்வளவு இருந்துச்சு?"

"அர்தா சார், பாதி டேங்க். மேடம் டைம் பத்தியா கேக்கறீங்க? ஈஜிபுரா பூரா சொல்லிட்டேன் சார்!"

"அது இருக்கட்டும். எடையும் கம்மி பாரு, இருபத்தாறு கிலோ."

"எங்க சார் கம்மி? ஆளும் காரும் சேர்ந்து இவ்வளவு இருக்கணும்னு ரூல் இருக்குல்ல? மேடம் உக்கார்றதுக்கு முன்னாடியே இரும்புத் தட்டு வெச்சுட்டோம். கரெக்டா இருபத்தாறு. மேடமே போல்ட்டு முடுக்கினாங்க. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க."

சிரில் தொலைபேசியை வைத்தார். தாளில் இருபத்தாறை அடித்தார். மீதி பதினைந்து கிலோ. புள்ளி மூன்று விநாடி. முழுதாக ஒரு விநாடி அவள் கணக்கில் நின்றது.

அந்த ஒரு விநாடி எங்கே இருக்கிறது என்று தேடி, இருவர் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். சிவப்புக் கோடு தமது, நீலம் அவளுடையது. நேர்ச்சாலையில் சிவப்பே மேலே இருந்தது. முதல் இரண்டு வளைவுகளிலும் பெரிய வேறுபாடு இல்லை. மூன்றாவது, வெளியேறும் வழி கண்ணுக்குத் தெரியாத நீண்ட வலப்புற வளைவு. அங்கே ஆக்சிலேட்டரைக் காட்டும் நீலக் கோடு ஆணியடித்ததுபோல் உச்சியிலேயே நின்றது. சிவப்புக் கோடு விழுந்தது, எழுந்தது, மீண்டும் விழுந்தது.

இது ஏதோ ஒரு சுற்றின் தவறு என்று எண்ணி அடுத்ததைத் திறந்தார். அதிலும் அப்படியே. பதினொரு சுற்றிலும் அதே இடத்தில் அவர் கால் ஆக்சிலேட்டரைவிட்டு எழுந்திருந்தது. அதுவரை ஒவ்வொரு முறையும் மொத்த நேரத்தையும் உச்ச வேகத்தையும் மட்டுமே பார்த்து வந்த மனிதர், அந்த வளைவை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? "அந்த மூணாவது வளைவுல நான் காலை எடுக்கறதே இல்லை" என்று பட்டறையிலும் ஆலயப் பங்கு விருந்திலும் மூன்று ஆண்டுகளாகச் சொல்லி, தாமே அதை நம்பியும் வந்தவர் அவர்.

மணி நான்கைத் தாண்டியிருந்தது. நேர்ச்சாலைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, சிவப்பு மேலே தெரியும்படி ஒரு தாளில் அச்சிட்டார். காலைப் பணி முடிந்து வந்து துணி மடித்துக்கொண்டிருந்த யூனிஸிடம் நீட்டினார்.

"பாரு, டாப் ஸ்பீடு எனக்குத்தான் மூணு கிலோமீட்டர் அதிகம்."

யூனிஸ் தாளைத் திருப்பிப் பார்த்தார். "இது நேர் ரோடுதானே? மிச்ச ரோடு எங்கங்க? எலி தின்னுடுச்சா?"

"தேவையானதை மட்டும்தான் எடுத்தேன்."

"நல்லா எடுத்தீங்க. பேஷண்டுக்குக் காய்ச்சல், நீங்க செருப்பு சைஸ் பாக்கறீங்க. சரி, உங்க பேரையே எழுதுங்க, எனக்கென்ன. ஆனா அந்த மூணாவது வளைவை மட்டும் காட்டுங்க. நீங்க எப்படிப் போறீங்கன்னு பார்த்துக்கறேன்."

"அது எதுக்கு இப்ப?"

"எனக்கு அங்க ஒவ்வொரு தடவையும் உயிர் போய் உயிர் வருது. நீங்கதானே சொன்னீங்க, காலையே எடுக்கறதில்லன்னு? நீங்க எடுக்காதப்ப நான் மட்டும் எடுத்தா மானம் போயிடும்னு, ஜெபம் சொல்லிட்டே மிதிக்கிறேன்."

சிரில் ஏற்கெனவே படிவத்தில் தம் பெயரின் முதல் எழுத்தைத் தட்டியிருந்தார். அடியில், 'மேற்கண்டவை உண்மை' என்ற வரியும் கையொப்பக் கட்டமும் இருந்தன. அதைப் பார்த்தவர், மூன்றாம் வளைவைத் திறந்து, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

"சிவப்பு யாருது?"

"என்னோடது."

யூனிஸ் குனிந்து பார்த்தார். "இந்தப் பள்ளமெல்லாம்?"

"காலை எடுத்தது."

"பதினோரு தடவையுமா?"

"பதினோரு தடவையும்."

மடித்த சேலை யூனிஸின் மடியிலிருந்து சரிந்தது. "அடப்பாவி மனுஷா! எட்டு மாசமா உங்க வாயை நம்பியா நான் சாகப் போனேன்?" என்றவர், கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல், தலையணையைத் தூக்கி அவர்மேல் எறிந்தார்.

நாலு ஐம்பதுக்குப் படிவம் போயிற்று. அதில் யூனிஸின் பெயர் இருந்தது.

அதற்காகச் சிரிலைப் பெரிய மனதுக்காரர் என்று யாரும் புகழ வேண்டாம். பந்தய நாளன்று அவர் தளத்தின் ஓரத்தில் அதே குடையுடனும், அதே எலுமிச்சம் சாதத்துடனும் நின்றார். இப்போது அவளுக்கு உண்மை தெரியும். தெரிந்தபின் அந்த வளைவில் அவள் காலும் எழும் என்று அவருடைய மனத்தின் ஒரு மூலை ஆசையோடு காத்திருந்தது. யூனிஸ் நான்காவதாக முடித்தார். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றுவதற்குள், சிரில் கருவியைப் பிடுங்கிப் பதிவைத் திறந்து, நேரே மூன்றாம் வளைவுக்குப் போனார்.

எட்டுச் சுற்று. எட்டிலும் நீலக் கோடு உச்சியிலேயே இருந்தது.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே யூனிஸ் தோளருகே வந்து நின்றார்.

"ரெண்டாவது வளைவுல பிரேக்கு கொஞ்சம் சீக்கிரம்," என்றார் சிரில்.