பானகத்தின் மேல் போட்ட பழி

"ஏட்டி, ரெண்டு எழுத்து படிச்சிட்டா ஒலகத்துல உள்ளது பூராம் தெரிஞ்சிருமோ?" என்று அக்கா என்னைக் கேட்டது ஆஸ்பத்திரி வார்டு வாசலில். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான், நுண்ணுயிரியல் பட்டதாரி. அக்கா பள்ளிக்கூடம் போகாமல் பீடி சுற்றியவள். அந்தக் கூலியில்தான் நான் கல்லூரிக்குப் போனேன்.

அவள் மகளுக்கு ஏழு வயதில் காய்ச்சல் வந்து, வாயிலும் உள்ளங்கையிலும் கொப்புளம் போட்டது. சேரன்மகாதேவியில் அவள் புகுந்த வீட்டில் அதை அம்மை என்றே வைத்துக்கொண்டார்கள். வாசலில் வேப்பிலை செருகி, வேளைக்கு ஒரு செம்பு கருப்பட்டிப் பானகம் கொடுத்தாள் அக்கா. பத்து நாளில் பிள்ளை எழுந்து ஓடியது. சில மாதம் கழித்து ஓயாமல் தண்ணீர் கேட்டது, பாயை நனைத்தது, எலும்பாக மெலிந்தது. சர்க்கரை நோய் என்றார்கள். இனி ஆயுளுக்கும் இன்சுலின் ஊசி.

அக்காவின் மாமியாரை வைத்துக்கொண்டே நான் சொன்னேன்: "செம்பு செம்பாப் பானகத்தக் குடுத்தா சீனி வராம என்ன செய்யும்?" அதற்குத்தான் அக்கா அப்படிக் கேட்டாள். மாமியார் உடனே, "படிச்ச பிள்ள சொல்லுதா, கேளு" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுத இப்போது கூசுகிறது.

அதன்பின் இரண்டு வருடம், அந்த வீட்டில் அவள் பிள்ளைக்கு நோயை ஊட்டியவள். பொங்கலன்றுகூட வெண்பொங்கல் மட்டும் பொங்கினாள். கருப்பட்டியைக் கையால் தொடவில்லை.

போன மாதம் பிள்ளையைப் பரிசோதனைக்கு நான் கூட்டிப்போனேன். அந்தக் காய்ச்சலையும் பானகத்தையும் நான் சொன்னதும், டாக்டர் பொறுமையாக விளக்கினார். குழந்தைகளுக்கு வரும் இந்த வகை, இனிப்பால் வருவதில்லை. கிருமியை எதிர்க்க வேண்டிய உடலின் சக்தியே இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. பிறவியிலேயே அதற்கு வாகுள்ள பிள்ளைகளிடம் ஒரு வைரஸ் தொற்று அதைத் தூண்டிவிடலாம். இப்படிக் கொப்புளக் காய்ச்சல் தரும் வைரஸ் வகைகள் மீது அந்தச் சந்தேகம் உண்டு. இவளுக்கு அதுதான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. "பானகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா" என்றார். வைரஸைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

நேற்று சேரன்மகாதேவிக்குப் போய் மாமியார் முன்னால் நின்றேன். "அத்தை, அன்னைக்கு நான் தெரியாமச் சொல்லிட்டேன். அக்கா மேல ஒரு தப்பும் இல்ல."

"அப்ப இத்தன நாளா நாங்க ஏசினதெல்லாம்?"

"அதுவும் என்னாலதான்."

அடுப்படியில் அக்கா எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தாள். நான் உள்ளே போனேன்.