இரண்டு பேருக்கான சொல்

என் கணவருடைய வேலை, ஒரு அகராதிச் செயலிக்குச் சொற்களின் மூலத்தைச் சரிபார்ப்பது. கல்யாணமாகி நாலாவது மாதம் அவரும், உடன் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் சேர்ந்து ஒரே ஒரு சொல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள். பெங்களூர் மல்லேஸ்வரத்து வீட்டில் என் காபி ஆறும்வரை எனக்குப் பாடம் நடந்தது.

"ரஷ்யன், போலிஷ் இதுக்கெல்லாம் பழைய தாய்மொழி ஒண்ணு இருந்துச்சு. அதுல 'வே'ன்னு ஒரு சொல்லு. 'நாங்க'ன்னு அர்த்தம். ஆனா ரெண்டே பேர் இருந்தாத்தான். மூணாவது ஆள் வந்துட்டா வேற சொல்லு."

அந்தத் தாய்மொழியை எழுதிவைத்தவர் யாருமில்லையாம். பின்னால் வந்த மொழிகளை ஒப்பிட்டு ஊகித்த சொல் என்பதால் முன்னால் ஒரு நட்சத்திரம் போடுவார்களாம். ஆங்கிலத்து 'வீ' அதற்குத் தூரத்துச் சொந்தமாம்.

"நேத்து நாங்க மூணு மணி நேரம் இதுலயே உக்காந்திருந்தோம், தெரியுமா?"

அந்த 'நாங்க' சுருக்கென்று தைத்தது. தமிழில் இரண்டு பேருக்கென்று தனிச்சொல் இல்லைதான். ஆனால் 'நாங்கள்' என்றால் கேட்பவள் வெளியே. அவர்கள் இருவரும் உள்ளே, நான் காபி டம்ளரோடு வாசலில். பொறாமைதான், மழுப்ப மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கேட்டார்: "நாங்க எப்ப வேலூருக்கு உங்க அம்மாவைப் பாக்கப் போறது?"

"நாங்கன்னா? நீங்களும் அவளுமா?"

திருதிருவென விழித்தார். "நீயும் நானும்தாம்மா!"

அப்போதுதான் விளங்கியது. இங்கேயே பிறந்து கன்னடத்தில் படித்தவர். கன்னடத்தில் எல்லாவற்றுக்கும் 'நாவு' ஒன்றுதான். 'நாங்க'வில் ஒரு கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது.

உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். கேட்கிற ஆளையும் சேர்த்தால் 'நாம', விட்டுவிட்டால் 'நாங்க'.

"அடடா, இது 'வே'யை விட நல்லாருக்கே!" என்று நோட்டில் குறித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவள் தராத ஒரு சொல்லை நான் தந்துவிட்டேனே.

மறுநாள் காலை கைபேசியில் அவளோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இன்னைக்கு நாம ரெண்டு பேரும் உக்காந்து முடிச்சுடலாங்க."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நாங்க முடிக்க லேட்டாகும்மா."

இரண்டும் பிழையில்லாத தமிழ். நான் சொல்லிக்கொடுத்தது.