பெட்டியை வெட்டலாமா என்று கேட்டேன்

ஒரு கிற்றார் பெட்டியைத் திருத்தி எடுப்பதா விடுவதா என்று ஒரு மாரிகாலம் முழுக்க யோசித்த ஆள் நான். காணி வாங்குகிறவன்கூட அவ்வளவு யோசிக்கமாட்டான். பெட்டி என்றால் அம்பிளிபயர். கிற்றாரின் வயரைச் செருகினால் சத்தத்தைப் பெரிதாக்கித் தருகிற சாமான். எங்கள் இசைக்குழுவில் எல்லாருக்கும் அது பெட்டிதான்.

அதை எனக்குத் தந்தவர் என் அண்ணன். சுவிஸில் அவருடைய மகன் கிற்றார் வேண்டுமென்று அடம்பிடித்து, வாங்கிக் கொடுத்ததும் ஒரு மாதத்தில் கைவிட்டுவிட்டான். கிற்றாரை யாருக்கோ விற்றார்கள். பெட்டியை ஒருவரும் கேட்கவில்லை போலிருக்கிறது, எனக்கு வந்தது. சூட்கேசைத் திறந்து அதை என் கையில் வைத்து, படம் எடுத்து, ‘தம்பியின் கனவு’ என்று எழுதி ஊருலகத்துக்கெல்லாம் காட்டிவிட்டுத்தான் அண்ணன் தேத்தண்ணீர் குடித்தார். என் கனவு இதுதான் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியாது. அறைக்குள் வைத்துப் பழகுகிறவர்களுக்காகச் செய்த மலிவான பெட்டி அது. மெல்ல வைத்தால் வாசிக்கலாம். மண்டபத்துக்குக் கேட்கிற அளவுக்குத் திருகினால் கருவாடு பொரிகிற சத்தம்தான் வரும்.

கிழமை நாட்களில் நான் பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறவன். இருப்பது மனைவியின் சீதன வீட்டில். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏற வேண்டியதுதான். அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் சனிக்கிழமையில் கலியாண மேடையில் ஏறி, கிற்றாரைத் தோளில் மாட்டி நிற்கும்போதுதான் நானும் ஒரு ஆள் என்று எனக்குத் தோன்றும். அந்த இடம் போனால் எனக்கு வேறு இடமில்லை. வாய்விட்டுச் சொன்னால் சிரிப்பார்கள் என்று இதை யாரிடமும் சொன்னதில்லை.

வெல்லாவெளியில் ஒரு கலியாண வரவேற்பு. ஒரு பைலா ஆட்டப் பாட்டின் நடுவில் நான் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. மாப்பிள்ளையின் மாமன் சோற்றுக் கையோடு மேடைக்கே வந்துவிட்டார்.

“தம்பி, அந்தப் பெட்டி பழுதாப் போச்சுப் போல. பிள்ளையள் பயப்பிடுதுகள், நிப்பாட்டுங்க” என்றார்.

கேலி செய்யவில்லை. மனுசன் உண்மையாகவே பழுதென்று நினைத்தார். அதுதான் எனக்குச் சுட்டது.

எங்கள் குழுவை நடத்துகிறவன் கீபோட் வாசிப்பவன். திரும்பி வரும் வழியில் அவன் ஆறுதலாக ஆரம்பித்தான்.

“மச்சான், கோவிக்காத. உன்ட கை நல்லம், பெட்டிதான் சரியில்ல. தைக் கலியாணங்களுக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லாட்டியும் பரவால்ல, கீபோட்லயே கிற்றார் சத்தம் இரிக்கி, நான் சமாளிப்பன்.”

அந்தக் கடைசிச் சொல்லை அவன் சொன்ன விதத்திலேயே, மனதுக்குள் பாதி சமாளித்து முடித்துவிட்டான் என்று எனக்கு விளங்கியது.

காத்தான்குடியில் ஒரு காக்கா இருக்கிறார். முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்து, டீவி, அம்பிளிபயர் எல்லாம் திருத்திக் கொடுப்பவர். அவரிடம் கொண்டுபோனேன். பெட்டியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஸ்பீக்கர் காணாது தம்பி. இத விடப் பெரிசு ஒண்டு போடணும், உள்ளுக்கும் ரெண்டு மூணு சாமான் மாத்தணும். முன்பக்கத்த வெட்டாமப் பெரிய ஸ்பீக்கர் போகாது. வெட்டினாப் பழைய மூஞ்சி திரும்பி வராது, சொல்லிட்டன்.”

“சத்தம் நல்லா வருமா காக்கா?”

“வரும். ஆனா இது மலிஞ்ச சாமான். இதுக்குப் போய் இவ்வளவு வேலையா எண்டு கேட்டீங்கெண்டா, அதுக்கும் நான் நியாயந்தான் எண்டுதான் சொல்லுவன்.”

புதிது வாங்கலாமே என்பவர்கள், டொலர் ஏறின பிறகு ஒரு தடவையாவது கடைக்குப் போய் விலை கேட்டிருக்கமாட்டார்கள். எனக்கு இருந்த வழி வெட்டுவதுதான். அன்றைக்கே வெட்டச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். காக்கா பென்சிலால் வட்டம் கீறக்கூடத் தொடங்கிவிட்டார். நான்தான், “அண்ணனிட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு வாறன்” என்று பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

வெளிநாட்டில் சொந்தக்காரர் இல்லாதவர்களுக்கு இது விளங்காது. அங்கிருந்து வருகிற சாமான் நம் வீட்டில் இருக்கும், ஆனால் நம்முடையதாகாது. ஆடி மாதம் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு அண்ணன் வருகிறார் என்றால் எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு வீடும் அல்லோலகல்லோலப்படும். ஓடாத மணிக்கூடு அலுமாரிக்குள்ளிருந்து வெளியே வந்து ஆணியில் ஏறும். அக்கா, கைப்பிடி உடைந்த கேத்தலைப் பசை போட்டு ஒட்டி மேசையில் வைப்பாள். அண்ணன் வந்தால் வாயால் ஒன்றும் கேட்கமாட்டார். கதிரையில் இருந்துகொண்டு சுற்றிவரப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். முகம் வெட்டின பெட்டியை நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

ஆகவே வீடியோ கோலில் கேட்டேன். அண்ணன் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, காத்தான்குடியில ஒரு ஆள் இரிக்கார். நீங்க தந்த பெட்டிய அவரிட்டக் குடுத்துக் கொஞ்சம் வெட்டிப் பெரிய ஸ்பீக்கர் போடலாமா?”

“என்னத்துக்கு? யூரோப் சாமான்டா அது. அங்க உள்ளவனுகளிட்டக் குடுத்துக் கிண்டிப் பழுதாக்காத. பொறு, நான் வரக்குள்ள நல்லதொண்டு கொண்டுவாறன்.”

யூரோப் சாமானாம். சீனாவில் செய்தது என்று பெட்டியின் அடியில் கொட்டை எழுத்தில் இருந்தது. சரி அண்ணே என்று சொல்லிப் போனை வைத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே பதில் சொன்னாள்.

“இஞ்சேருங்க, அவர்தான் வேணாம் எண்டுட்டாரே. பிள்ளைட ஊட்டுக்குக் கூரை போட்டுத் தாறன் எண்ட மனுசன். ஒரு பெட்டிக்காக அவர்ட மனச முறிக்கப் போறீங்களா?”

மகளுக்கென்று நாங்கள் கட்டத் தொடங்கிய வீடு சுவரோடு நின்று மழையில் பாசி பிடித்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் நாளைக்கு ஒருவன் உடுப்புப் பையோடு வருவான், அதற்குள் கூரை ஏற வேண்டும். மனைவி சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் கோபம் இன்னும் கூடியது. பெட்டியைச் சுவரோரம் தள்ளி, ஒரு பழைய துணியால் மூடி வைத்தேன்.

தை பிறந்ததும் கலியாணங்கள் தொடங்கின. கீபோட்காரன் படலையில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“மச்சான், இந்த முறை நான் கீபோட்லயே பாக்கிறன். நீ சும்மா வா. இருந்து சாப்பிட்டுட்டுப் போ” என்றான்.

நல்லம் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கென்ன, வீட்டில் சோறில்லையா? சனிக்கிழமைகளில் கடை பூட்டியதும் நேரே வீட்டுக்கு வந்தேன். மனைவி ஏதோ கேட்பாள், நான் எரிந்து விழுவேன். பிறகு அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். விரல் நுனியில் இருந்த காய்ப்பு உரிந்து, கை வேறு யாருடையதோ போல மெதுவாகிப்போனது. சனியன் பிடித்த அந்தப் பெட்டியைக் காணும்போதெல்லாம் துணியை இன்னும் இழுத்து மூடினேன்.

ஆடியில் அண்ணன் வந்தார். சொக்லேட் வந்தது, வாசனைச் சோப்பு வந்தது, எனக்கொரு இடுப்புப் பட்டியும் வந்தது. அந்த ‘நல்லதொண்டு’ வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் அவர் மறந்துபோச்சு என்பார், நான் பரவாயில்லை என்று சொல்ல வேண்டிவரும். துணியை விலக்கிப் பெட்டியைப் பார்த்து, புதிது மாதிரியே வைத்திருக்கிறாய் என்று என் முதுகில் தட்டினார். பிறகு, “நீ இப்ப வாசிக்கிறதில்லையாமே?” என்றார். தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் பழுகாமத்திலிருந்து அண்ணியின் தம்பி வந்தான். வயலும் உழவு மெசினுமாகத் திரிந்தவன், இப்போது போனைப் பார்த்துக் கிற்றார் பழகுகிறானாம். புதுக் கிற்றாரும் கையோடு கொண்டுவந்திருந்தான். அண்ணன் என் பெட்டியைத் தூக்கி அவன் முன்னால் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வயரைச் செருகி ஒரு தட்டுத் தட்டிவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“அத்தான், இது பொரியுதே. முன்னுக்கு வெட்டிப் பெரிய ஸ்பீக்கர் போட்டாத்தான் சரிவரும்.”

“அதுக்கென்ன, போடுவம்” என்றார் அண்ணன். “டேய், காத்தான்குடியில ஒரு ஆள் இரிக்கார் எண்டு சொன்னாய்தானே. எங்களக் கூட்டிக்கொண்டு போ.”

கூட்டிக்கொண்டு போனேன். பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்து, வேலை முடிந்ததும் திரும்ப மூன்று பேருமாகப் போனோம். காக்கா என்னைக் கண்டதும் சிரித்தார்.

“ஒருவழியா அண்ணன் ஓம் எண்டுட்டார் போல, தம்பி?”

“நான் எப்ப வேணாம் எண்டனான்?” என்றார் அண்ணன்.

புதுக் கறுப்புத் துணி போட்ட அகன்ற முகத்தோடு பெட்டி மேசையில் இருந்தது. கடைக்குள் ஆட்கள் நின்றதால் அண்ணியின் தம்பிக்கு வாசிக்கக் கூச்சம். கிற்றாரை என்னிடம் நீட்டினான். வாங்கித் தோளில் மாட்டினேன். வெல்லாவெளியில் நிறுத்தச் சொன்ன அதே இடத்தை வாசித்தேன். விரல் தடுமாறியது. சத்தம் தடுமாறவில்லை. பொரியல் இல்லை, இரைச்சல் இல்லை, தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எந்தச் சத்தத்துக்காக நான் ஒரு மாரி முழுக்க நித்திரை கெட்டேனோ அது அப்படியே வந்தது. அதே இடத்தைத் திரும்பவும் ஒரு தடவை வாசித்தேன்.

“பாத்தியா, என்ன சத்தம்! ஏண்டா இவ்வளவு நாளும் இத வெட்டாம வெச்சிருந்தாய்?” என்றார் அண்ணன்.

“நீங்கதானே அண்ணே வேணாம் எண்டீங்க.”

“நான் ஆயிரம் சொல்லுவன். உனக்குத் தந்த சாமான், உன்ட விருப்பத்துக்கு வெட்டியிருக்கலாமே. இதுக்கெல்லாமா ஒருத்தன் சுவிசுக்குக் கோல் எடுத்துக் கேக்கிற?”

காக்கா சிரித்தார். அண்ணியின் தம்பியும் சிரித்தான். மகளின் வீட்டுக்கு அண்ணனின் காசில் அடுத்த கிழமைதான் கூரை ஏறவிருந்தது. கிற்றாரைக் கழற்றி அண்ணியின் தம்பியிடம் கொடுத்தேன். பெட்டியைத் தூக்கி, அவன் பழுகாமம் போகிற ஓட்டோவில் வைக்கச் சொன்னார் அண்ணன். வைத்தேன்.