ஒரு தேவைக்கு உதவும்

லீலாபாய் வீட்டில் எந்தப் பொருளும் சாவதில்லை. கருகிப்போன மிக்ஸி, நின்றுபோன கடிகாரம், கைப்பிடி போன குடை எல்லாவற்றுக்கும் அங்கே நித்திய ஜீவன் உண்டு. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த மதிலுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் நான். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் அருகதை இருக்கிறது.

அவள் கணவர் ஜேசுதாஸ் சவுதியில் வேலை பார்த்தவர். ஒவ்வொரு லீவுக்கும் பெரிய அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்குவார். பெட்டிக்குள் இருந்ததை லீலாபாய் எடுத்துப் பத்திரப்படுத்துவாள். பிறகு பெட்டியையும் பத்திரப்படுத்துவாள். பெட்டி கட்டிய கயிற்றையும் சுருட்டி வைப்பாள். எதுக்கு இதெல்லாம் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"கெடக்கட்டு. ஒரு தேவைக்கு உதவும்."

சரி, தேவை வந்தபோது உதவியதா என்றால் அதுவும் இல்லை. மகள் ஜெனிலாவின் கல்யாணத்துக்கு விருந்தாளிகள் வந்து குவிந்த சமயம், அலமாரி முட்டச் சவுதிக் கம்பளி இருந்தது. லீலாபாய் வடசேரிச் சந்தைக்கு ஆளனுப்பி மலிவுப் போர்வை வாங்கிவரச் சொன்னாள். "அது நல்ல கம்பளியாக்கும், அத எடுக்காண்டாம்" என்றாள். மலிவுப் போர்வை இரண்டு மாதத்தில் நைந்துபோயிற்று. அதையும் துவைத்து மடித்து வைத்தாள். வைக்கோல் போரைக் காத்த நாயாவது இராத்திரி அதன்மேல் படுத்திருக்கும்.

ஜெனிலா புருஷன் வீட்டுக்குப் போன கார் திருப்பம் தாண்டும் முன்னே அவள் அறைக்குள் முதல் பெட்டி போய்விட்டது. ஒரு வருஷத்தில் அந்த அறையின் கதவு பாதிதான் திறந்தது. ஓணத்துக்கு விடுமுறையில் வந்த பெண் ஹாலில் பாய் விரித்துப் படுத்துவிட்டுப் போனாள். ஜேசுதாஸ் ஏற்கெனவே கார் நிறுத்தும் ஷெட்டில் ஒரு கட்டிலைப் போட்டுக்கொண்டு குடிபெயர்ந்திருந்தார். கார் வெயிலில் நின்றது.

இப்படி இருக்கையில் ஜெனிலாவுக்கு வயிற்றில் பிள்ளை. எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். மகளைக் கூட்டிவராவிட்டால் சபையில் என்ன பேசுவார்கள் என்ற பயம் லீலாபாய்க்கு இருந்தது. ஆனால் அது மட்டுமில்லை. பேரப்பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்ட வேண்டும் என்று ஒருநாள் மதிலோரம் நின்று என்னிடம் சொன்னாள். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது. அது வேஷமில்லை, எனக்குத் தெரியும்.

ஜெனிலா போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"அம்மா, நான் வந்தா எங்க கெடப்பேன்? வயித்தத் தூக்கிட்டு தரையில கெடக்க முடியாது. ரூம ஒழிச்சா வாறேன். இல்லேன்னா நான் இங்கயே இருந்துக்கிடுதேன்."

லீலாபாய் முதலில் பழைய சாமான் எடுக்கும் ஆக்கர் கடைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து தராசை இறக்கியதுதான் தாமதம், அவளுக்கு வந்ததே கோபம். தன் பாத்திரத்தை ஒருவன் எடைபோட்டுப் பார்ப்பதா? அந்த மனுஷன் டீ கூடக் குடிக்காமல் போனார்.

பிறகுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை அன்று விளைச்சலில் முதல் பலனை ஆலயத்துக்குக் கொடுப்போம். ஏத்தன் வாழைக்குலை, சேனை, மரச்சீனி, முட்டையிடத் தொடங்கிய கோழி என்று வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லாம் ஏலத்துக்கு வரும். கொடுத்தவர் பேரை மைக்கில் சொல்வார்கள். வீட்டுப் பப்பாளி ஒன்று கௌரவத்துக்காகப் பத்து மடங்கு விலைக்குப் போகும். காணிக்கைதானே, யாருக்கும் வருத்தமில்லை. அந்த ஏலத்துக்கு அறையையே கொடுத்துவிட்டால் என்ன? இடமும் ஒழியும், பேரும் மைக்கில் வரும். முதல் பலன் கொடுக்க வேண்டிய ஆண்டவருக்குக் கழித்துப்போட்டதைக் கொடுக்கிறோமே என்ற கூச்சம் அவளுக்குத் துளியும் இல்லை.

பண்டிகைக்கு ஒரு வாரம் முன்னே டெம்போ வந்து அறையைக் காலி செய்தது. சுவருக்கு வெள்ளை அடித்தாள். ஜன்னலைத் திறந்தாள். அந்த வீட்டில் ஒரு ஜன்னல் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். போட்டோ எடுத்து ஜெனிலாவுக்கு அனுப்பினாள். பண்டிகை அன்று சாயங்காலம் வருகிறேன் என்று ஜெனிலாவும் சொல்லிவிட்டாள். அந்த வாரம் மத்தியானமெல்லாம் லீலாபாய் அந்த வெறும் தரையில் ஃபேனைப் போட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தாள். "காத்து நல்லா வருது, கேட்டியா" என்று என்னிடம் அதிசயப்பட்டாள். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

பண்டிகை நாள் வந்தது. சபைச் செயலாளர் ஜெப்சன் மைக்கைப் பிடித்து ஏலம் விட்டார். குலைகள் போயின, கோழிகள் போயின. பிறகு லீலாபாய் கொடுத்த பெரிய செம்பு அண்டாவைத் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். அறை மூலையில் வருஷக்கணக்காகக் கவிழ்ந்து கிடந்தது அது. யார் தந்தது என்பதையே அவள் மறந்திருந்தாள். ஜெப்சன் அண்டாவைத் திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வெட்டியிருந்த பேரை மைக்கில் வாசித்தார்.

"லீலாபாய்க்கு அன்புடன் குளோரி."

குளோரி லீலாபாயின் அண்ணன் மனைவி. முன்வரிசையில்தான் உட்கார்ந்திருந்தாள். லீலாபாயின் புதுவீட்டுப் பிரதிஷ்டைக்கு அவள் ஆசையாய்ச் செய்துகொடுத்த அண்டா. குளோரி வேறு ஒரு ரகம். அண்ணன் இறந்தபிறகு யூடியூபில் யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டிலுள்ளதையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். அவள் ஹாலில் தும்மினால் எதிரொலிக்கும். ‘எனக்கு ஒண்ணும் வேண்டாம்’ என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொள்வாள். சாமான் சேர்ப்பதை விட்டவள் பெருமை சேர்ப்பதை விடவில்லை.

பெண்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பியது. குளோரி நிதானமாக எழுந்தாள்.

"நான் குடுத்தது தானே. நானே எடுத்துக்கிடுதேன். ஆயிரம்."

லீலாபாய்க்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அண்டா குளோரி வீட்டுக்குத் திரும்பிப் போனால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாளே! "ரெண்டாயிரம்" என்று கத்தினாள். குளோரி கூட்டினாள், இவளும் கூட்டினாள். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அண்டா லீலாபாய்க்கு.

அதோடு நின்றிருந்தால் ஒரு அண்டாவோடு போயிருக்கும். குளோரி ருசி கண்டுவிட்டாள். அடுத்து லீலாபாயின் சோபா வந்தது. குளோரி விரலைத் தூக்கினாள். தன் சோபாவில் குளோரி உட்காருவதா? லீலாபாய் விலையை ஏற்றினாள். குளோரி சிரித்துக்கொண்டு விரலை இறக்கினாள். கம்பளி, கடிகாரம், டின்னர் செட் எல்லாம் இப்படியே. கருகின மிக்ஸிக்குக்கூட போட்டி நடந்தது. ஜேசுதாஸ் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, இரி. பிள்ள சாயங்காலம் வருதுல்லா?"

"நீங்க சும்மா கெடங்க" என்று தட்டிவிட்டாள்.

ஜெப்சனுக்குச் சொல்லி முடியாத சந்தோஷம். சபை சரித்திரத்தில் அப்படி ஒரு ஏலம் நடந்ததில்லை. போதகர் லீலாபாய் குடும்பத்துக்காகத் தனியாக ஜெபம் பண்ணினார். குளோரி கண்ணை மூடி, எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள்.

சாயங்காலம் அதே டெம்போ அதே சாமான்களோடு வந்து நின்றது. போன மச்சான் திரும்பி வந்தான் என்பது இதுதான். வேகத்தில் ஏலம் எடுத்த ஒரு கோழியும் இரண்டு சேனையும் அதிகம். ஹாலில் ஏற்கெனவே இடமில்லை. "இன்னைக்கு ஒருநாள் மட்டும்" என்று சொல்லி எல்லாவற்றையும் ஜெனிலாவின் அறைக்குள் ஏற்றினார்கள். கடைசிப் பெட்டி உள்ளே போகும்போது வாசலில் ஜெனிலாவின் கார் வந்து நின்றது.

அந்தப் பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அறை வாசல் வரை வந்தாள். கதவு பாதி திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"அம்மா, நாளைக்குள்ள இத ஒழிச்சுத் தாறியா? தந்தா நான் இங்கயே இருக்கேன்."

லீலாபாய் அறையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மறுபடி அறையைப் பார்த்தாள்.

"காசு குடுத்து வாங்குனதுல்லா மக்கா. உடனே எங்க கொண்டு போட?"

பக்கத்தில் நின்ற எனக்கு அவள் கன்னத்தில் இரண்டு அறை விடலாம் போல வந்தது. அந்தச் சமயம் பார்த்து, பிள்ளையைப் பார்க்க என்று குளோரி உள்ளே வந்தாள்.

"எங்க வீட்டுல ரூம் ஒழிஞ்சுதானே கெடக்கு. வா மக்கா" என்றாள்.

"சரி மாமி" என்று ஜெனிலா பையை எடுத்தாள். இரண்டு வீடு தாண்டி நடந்து போனாள். லீலாபாய் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கையில் அந்தக் கோழி.

பிள்ளை பிறந்தது, பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே குளோரி வீட்டுக்குத்தான் வந்தார்கள். பெற்றவளைக் குளிப்பாட்ட இலைகள் போட்டு வேதுத் தண்ணி கொதிக்கவைக்க வேண்டும். எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்த்த குளோரியிடம் ஒரு பெரிய பாத்திரம் இல்லை. வேண்டாம் வேண்டாம் என்ற வாயால் ரோட்டில் நின்று கூப்பிட்டாள்.

"லீலா, அந்த அண்டாவ ஒண்ணு தருவியா?"

லீலாபாய் அண்டாவைத் தானே இடுப்பில் வைத்துத் தூக்கிப் போனாள். தினமும் காலையில் போய், குளோரி வீட்டுப் பின்முற்றத்தில் அடுப்பு மூட்டித் தண்ணீர் வைத்து, மகளையும் பேத்தியையும் தன் கையால் குளிப்பாட்டினாள். குளித்து முடித்ததும் குளோரி பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோய்த் தொட்டிலில் போடுவாள். லீலாபாய் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்கு வருவாள்.

ஜெனிலா புருஷன் வீட்டுக்குத் திரும்பிய அன்று வழியனுப்ப நானும் குளோரி வீட்டுக்குப் போயிருந்தேன். கார் போன பிறகு, குளோரி அண்டாவைக் கழுவிக் கொண்டுவந்து லீலாபாய் முன்னால் வைத்தாள். "எடுத்துட்டுப் போ" என்றாள்.

லீலாபாய் வெட்டியிருந்த பேரைக் கொஞ்சநேரம் விரலால் தடவினாள். பிறகு அழுதாள்.

"கெடக்கட்டு மைனி. ஜெனிலா அடுத்த பேறுகாலத்துக்கும் இங்கதான் வருவா. ஒரு தேவைக்கு உதவும்."

அவளோடு நானும்தான் நடந்து வந்தேன். பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று அவள் வீட்டுக்குள் போனால், அந்த அறை வாசலை மறித்துக்கொண்டு பிள்ளைக்கு நாப்கின் வந்த அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. எல்லாம் காலிப்பெட்டி. நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.