நடுத்தூரத் தட்டுக்கு ஒரு பிளாஸ்டிக்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிள்ளானில் ஒரு வாளித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு எழுத்தராக இருந்தேன். தரமும் கட்டுப்பாடும் பதவியின் பெயரில் மட்டும் இருந்தன. உண்மையில் நான் செய்தது எழுதுவதுதான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். வழியில் தடித்த புத்தகமாகப் பார்த்துப் படிப்பேன். நாலு பேர் அதைப் பார்த்ததில் எனக்கு அறிவாளி என்று பெயர் வந்துவிட்டது. நானும் மறுக்கவில்லை. அந்த வயதில் இலவசமாகக் கிடைத்த ஒரே பட்டம் அது.

இயந்திரத்தில் நின்ற பெண்களில் பாதிப் பேர் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். என்னைக் 'கிராணி' என்பார்கள். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவுக்கு உள்ள பெயர் அது. அதில் மரியாதை பாதி, கேலி பாதி.

அந்த ஆண்டு எங்கள் முதலாளிக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு விளையாட்டு இருக்கிறதாம். கோல்ஃப் மாதிரி, ஆனால் பந்தும் மட்டையும் கிடையாது. பிளாஸ்டிக் தட்டை வீசி, தூரத்தில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடையில் விழ வைக்க வேண்டும். தூரம் போக ஒரு தட்டு, கூடைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒரு தட்டு, நடுவில் உள்ள தூரத்துக்கு ஒரு தட்டு. எங்களிடம் கேட்டது நடுத்தட்டு. அது நேராகப் போக வேண்டும். எங்கே விழ வேண்டுமோ அங்கே விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். எந்தப் பிளாஸ்டிக் இதற்குச் சரி என்று நாங்களே பார்த்து முடிவு செய்து, அதில் மாதிரித் தட்டுகள் அனுப்ப வேண்டும்.

முதலாளி சீனர். கடிதத்தை என் மேசையில் போட்டுவிட்டு, "லு பிலி லா" என்றார். நீயே பார்த்துத் தேர்ந்தெடு என்று அர்த்தம். "யூ ரொம்பப் புத்தகம் படிக்கிறான்."

இரண்டாம் இயந்திரத்தில் பன்னிரண்டு பெண்கள் தற்காலிகமாக வேலை செய்தார்கள். தட்டு ஆர்டர் கிடைத்தால் பன்னிரண்டு பேருக்கும் நிரந்தரக் கடிதம் தருவதாக மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர்களில் ஒருத்தி, அச்சிலிருந்து வரும் தட்டின் விளிம்பில் துருத்தும் பிசிறைக் கத்தியால் சீவுகிறவள், ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைக்கு வந்து நின்றாள்.

"கிராணியாரே, அந்தத் தட்டு விஷயம் எப்ப முடிவாகும்?"

"ரெண்டு மாசம் ஆகும். ஏன், வெளையாடப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு மூணு மாசம் அண்ணே. வயிறு தெரிஞ்சிச்சின்னா ரெஸ்ட் எடுன்னு அனுப்பிடுவாங்க. போன வருசம் பேக்கிங்ல ஒரு அக்காவ அனுப்புனாங்க, பாத்தீங்கல்ல? பெர்மனென்ட் ஆனா அனுப்ப முடியாது. லீவு குடுத்துத்தான் ஆகணும்."

ரெஸ்ட் எடுக்கப் போன யாரும் திரும்பி வந்ததில்லை. அது எனக்கும் தெரியும்.

"ஆர்டர் கண்டிப்பா கெடைக்கும்" என்றேன். கடிதத்தை அப்போது நான் முழுதாகப் படித்திருக்கவில்லை.

அவள் கணவன் லோரியில் மூட்டை இறக்கப் போகிறவன். வேலை இருக்கிற நாளில் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து வந்த கரு அது. இதையும் அவளே சொன்னாள், தட்டின் கனத்தைச் சொல்வது போல, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

பிளாஸ்டிக் மூன்று வகை இருந்தது. ரப்பர் கலந்த வகையின் விலையைக் கேட்டதும் முதலாளி பட்டியலிலிருந்தே அடித்துவிட்டார். மிச்சம் இரண்டு. முதலாவது கெட்டி ரகம். விலை கூடிய வாளிகளுக்குப் போடுவது. பளபளப்பாக இருக்கும், சீக்கிரம் கீறல் விழாது. இரண்டாவது மெத்தென்ற ரகம். சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கலாக இருக்கும், மரத்தில் நாலு தரம் மோதினால் விளிம்பு நெளியும். கடிதத்தில், தட்டு மரங்களில் அடிபடும், தாங்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. கையில் பிடிக்கும்போது அதன் உணர்வு நன்றாக இருக்க வேண்டும் என்று மூன்று வரி இருந்தது. வியாபாரக் கடிதத்தில் கவிதை எழுதுகிறார்கள் என்று நான் அந்த மூன்று வரிகளைத் தாண்டிவிட்டேன். வீட்டில் கவிதைப் புத்தகங்களுக்குத் தனி அலமாரி வைத்திருந்தவன் நான்.

எங்கள் தொழிற்சாலையில் எந்தப் பொருளுக்கும் ஒரே சோதனைதான். கவிழ்த்துப் போட்டு மேலே ஏறி நிற்பது, சிமெண்டுத் தரையில் ஓங்கி அடிப்பது, கொதிக்கிற தண்ணீரில் முக்குவது, கடைசியில் வெளிச்சத்தில் பிடித்துப் பளபளப்பைப் பார்ப்பது. பாசாரில் வாளி வாங்கும் பெண்கள் இதில் முதலாவதையும் கடைசியையும் செய்வார்கள். ஆகவே தட்டையும் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றேன். பறக்க வேண்டிய பொருளின் மேல் எழுபது கிலோ மனிதன் ஏறி நிற்பது வேடிக்கையாக இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. கெட்டி ரகம் என்னைத் தாங்கியது. மெத்து ரகம் வளைந்தது.

வெறும் வாளிச் சோதனையோடு விட்டிருந்தாலும் மன்னிக்கலாம். மூன்று சனிக்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து, சுழலும் பொருள்கள் காற்றில் போகும் விதம் பற்றிப் படித்து, எட்டுப் பக்க அறிக்கை எழுதினேன். வரைபடம் இருந்தது. அடிக்குறிப்பும் இருந்தது. எறிந்து பார்த்தது மொத்தம் ஐந்து தடவை. அதுவும் காலையில், வெயிலில், ஏர்கான் அறையிலிருந்து உலர்ந்த கையோடு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில். ஐந்தாவது தட்டு முதலாளியின் காருக்கு அடியில் போய்விட்டதால் ஆராய்ச்சி முடிந்தது.

அறிக்கையை முடிக்கும் வாரத்தில், கருவுற்ற அந்தப் பெண் இரண்டு தட்டுகளைக் கொண்டு வந்து காட்டினாள்.

"இந்தப் பளபளன்னு இருக்கே, இது சரியில்ல அண்ணே. கை வேர்த்தா நழுவுது. புடிக்கவே முடியல. இந்த மங்கலா இருக்கிறது நல்லா ஒக்காருது. கீழ வச்சாலும் இது அப்பிடியே நிக்குது, அது சறுக்கிக்கிட்டு ஓடுது. பாருங்க."

தட்டுகளை என் மேசையின் மேல் தள்ளிக் காட்டினாள். பளபளப்பானது மேசையைத் தாண்டிக் கீழே விழுந்தது. மங்கலானது பாதியில் நின்றது.

என் எட்டுப் பக்கத்தில் இல்லாதது அந்த அரை நிமிடத்தில் இருந்தது. நான் பார்த்தது வேறு. வேலை செய்கிற பெண், வேலை கஷ்டமாக இருக்கிறது என்று புகார் சொல்கிறாள். குறிப்பேட்டைத் திறந்து, 'தொழிலாளர் புகார்கள்' என்ற தலைப்பின் கீழ் எழுதினேன்: கை வழுக்குகிறது, பருத்திக் கையுறை இரண்டு டஜன் வாங்கவும்.

"எழுதிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதியாச்சு லா. ஒன்னும் கவலப்படாத."

நம்பிக்கையோடு போனாள். நான் கெட்டி ரகத்தைப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

மாதிரித் தட்டுகள் போயின. ஆறு வாரம் பதில் இல்லை. இதற்குள் அவள் பெரிய அளவுச் சட்டை போட ஆரம்பித்திருந்தாள். மற்றப் பெண்கள் அவளை இயந்திரத்துக்கு உள்பக்கமாக நிறுத்தி, மேற்பார்வையாளர் வரும்போது முன்னால் வந்து மறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி என்னைக் கண்டதும், "கிராணி, ஒங்க தட்டு கப்பல்ல போகுதா, நீந்திப் போகுதா?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள், ஒரு கையால் சட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு.

ஃபேக்ஸ் வந்தது. தட்டை எறிந்து பார்த்த அன்று அவர்கள் ஊரில் மழையாம். ஈரத்தில் தட்டு கையை விட்டு நழுவுகிறது, தரையில் பட்டதும் பனிக்கட்டியில் போவது போல் சறுக்கி ஓடுகிறது, நடுத்தூரத் தட்டுக்கு இது உதவாது, வேறு நாட்டுத் தொழிற்சாலை ஒன்று மென்மையான பிளாஸ்டிக்கில் செய்து தந்துவிட்டது, உங்கள் முயற்சிக்கு நன்றி. இரண்டு முறை படித்தேன். வெளியே கிள்ளானின் மாலை மழை கூரைத் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அநேகமாக ஒவ்வொரு மாலையும் அந்த மழை வரும். ஒரு தட்டைக்கூட நான் நனைத்துப் பார்க்கவில்லை.

முதலாளி கோபப்படவில்லை. அது இன்னும் மோசம். அறிக்கையைப் புரட்டிப் பார்த்து, "டிராயிங் வெரி நைஸ்" என்றார். இரண்டாம் இயந்திரத்தில் மறுபடி வாளி மூடி ஓட்டச் சொன்னார். மூடிக்கு நாலு பேர் போதும். அதற்குப் பழைய ஆள்கள் இருந்தார்கள். தற்காலிகப் பெண்கள் வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ள வேண்டும். மேற்பார்வையாளருக்குத் தமிழ் வராது, அதனால் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது.

பன்னிரண்டு பேரும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள். இயந்திரத்தை நிறுத்தியிருந்ததால் என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அந்த ஊருல இந்த வெளையாட்டுக்கு இப்ப மவுசு இல்லையாம். ஆர்டர நிறுத்திட்டாங்க" என்றேன்.

அவள் மட்டும் கேட்டாள். "நாங்க செஞ்சதுல ஏதும் தப்பா அண்ணே?"

"சேச்சே. ஒங்க மேல ஒன்னும் இல்ல லா."

அது உண்மைதான். பொய் சொல்லும்போது நடுவில் ஒரு உண்மையை வைப்பது எனக்குக் கைவந்த கலை. என் கட்டுரைகளைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தைத்தான் பாராட்டுகிறார்கள்.

அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் கையுறைகள் வந்து சேர்ந்தன. இரண்டு டஜன். ஸ்டோரில் வாங்கி வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு நடந்ததைப் பேக்கிங்கில் இருந்த இன்னொரு பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன். பிசிறு சீவினவளும் அவள் கணவனும் ஜெஞ்சாரோம் பக்கம் போனார்கள். அங்கே எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காட்டில் ஒரு குத்தகைக்காரனிடம் களைக்கொல்லி அடிக்கிற வேலை. முதுகில் மருந்துத் தொட்டி, கையில் குழாய். வயிறு தெரிந்தால் போகச் சொல்கிற ஆள் அங்கே இல்லை. யாரும் வயிற்றைப் பார்ப்பதில்லை. ஏழாம் மாதத்தில் குழந்தை இறந்து பிறந்தது. ஆண் குழந்தை. மருந்துதான் காரணமா என்று எந்த டாக்டரும் சொல்லவில்லையாம். சொல்லாதது எனக்கு வசதியாக இருந்தது. ரொம்ப நாள் அந்த வசதியில் காலத்தை ஓட்டினேன்.

நாலைந்து வருடம் கழித்து மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் அவளைப் பார்த்தேன். நான் தொழிற்சாலையை விட்டு, பத்திரிகைகளுக்கு நகைச்சுவை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்த காலம். அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"கிராணியாரே! நல்லா இருக்கீங்களா? முடியெல்லாம் எங்க போச்சு?"

"வேற நாட்டு ஆர்டருக்கு அனுப்பிட்டேன்" என்றேன். சிரித்தாள். சேராஸில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்வதாகச் சொன்னாள். பிள்ளைகளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் திரும்பிப் போயிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். கடைக்காரர் துணியை அளக்கும்வரை அங்கேயே நின்றாள். சொன்னேன். அந்த விளையாட்டு நிற்கவில்லை, ஆர்டர் வேறு இடத்துக்குப் போனது, தப்பான பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தது நான், நீ வந்து காட்டியதை நான் காதில் வாங்கவில்லை என்று. நாலு வாக்கியம். வருடக்கணக்காக மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதி வைத்திருந்தவை. வாயால் சொன்னபோது அறிக்கை வாசிப்பது போலவே இருந்தது.

அவள் துணியின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"எங்களுக்கு அன்னைக்கே தெரியும் அண்ணே. அந்த ஃபேக்ஸ மேசையிலயே வச்சிட்டுப் போயிட்டீங்க. கிளீனிங் அக்கா மகளுக்கு இங்கிலீஸ் தெரியும், வாசிச்சுச் சொல்லிருச்சு."

"அப்ப ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"கேட்டா?" என்றாள். "வேலைய திருப்பிக் குடுத்திருப்பீங்களா?"

கடைக்காரரிடம் திரும்பி, "பாய், அரை மீட்டர் கூடப் போடுங்க, தொவைச்சா சுருங்கும்" என்றாள். அவர் கத்தரிக்கோலைக் கொஞ்சம் தள்ளி வைத்து, துணியை மறுபடி அளக்க ஆரம்பித்தார்.