கேலிக்கு முறை உண்டு

ஆங்கிலத்தில் நகைச்சுவை நிகழ்ச்சி பார்க்கும்போது கீழே எழுத்து ஓடவிட்டுத்தான் பார்ப்பேன். ஒன்பது வருடம் ஆகியும் இந்த ஊர் உச்சரிப்பு எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது. வேடிக்கை என்னவென்றால், பேச்சை மட்டும் எழுதி நிறுத்த மாட்டார்கள். கூட்டம் சிரித்தால் 'சிரிப்பொலி' என்று அதையும் எழுதுவார்கள். எங்கே சிரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும் நாட்டில் குடியேறியிருக்கிறோம். சில நாள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு நானும் சிரித்து வைப்பேன். என் மனைவி திரும்பிப் பார்த்து, புரிந்துதான் சிரிக்கிறேனா என்று கேட்பாள்.

பர்மிங்ஹாம் பக்கத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். கூட வேலை செய்யும் கெவின்தான் இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கச் சொன்னான். ஒரே ஆள், ஒரு மைக், ஒரு மணி நேரம். இதுவரை நிறையப் பார்த்துவிட்டேன். என் கருத்தைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன். ஒரு அமெரிக்கக்காரன் தன்னை விட்டுப் போன பெண்டாட்டியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினான். அந்தப் பெண்ணுக்கு ஒரு மைக் கொடுத்திருந்தால் பத்து நிமிடத்தில் அவன் இறங்கி ஓடியிருப்பான். இன்னொருத்தி தன் அம்மா செத்ததைச் சொல்லியே சிரிக்க வைத்தாள். கெட்டிக்காரி. சிரித்துவிட்டேன், பிறகு என்மேலேயே கோபம் வந்தது. சென்னைப் பையன் ஒருவன் தமிழில் பேசினான். எங்கள் கடலூரைப் புயல் வந்தால் மட்டும் டிவியில் வரும் ஊர் என்றான். கூட்டம் கைதட்டியது. சொன்னது பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல அவன் யார்? உடனே அணைத்துவிட்டேன். இதையே என் மச்சான் குமார் சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். அது ஏன் என்றுதான் அப்போதிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குமார் என் மனைவியின் தம்பி. கடலூர் முதுநகரில் படகு மோட்டாருக்கு உதிரிபாகம் விற்கிறான். நான் காட்டுமன்னார்கோயில்காரன், வயல்காட்டுக் குடும்பம். சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் கல்யாணம் நடந்தபோது, பாட்டுக் கச்சேரிக்காரர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து குமார் மைக்கை எடுத்துக்கொண்டான். "வீராணம் ஏரித் தண்ணி மெட்ராஸ்காரன் குளிக்கிறதுக்கு அம்மாந்தூரம் போவுது. பக்கத்துலியே இருக்குற எங்க மாமா மட்டும் குளிக்க மாட்டேங்குறாரு." மண்டபமே அதிர்ந்தது. நான் விடுவேனா? மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டே கத்தினேன். "உங்க ஊர்ல கடலே கெடக்கு. நீ என்னிக்காவது கால நனைச்சிருக்கியாடா மச்சான்?" அதற்கும் அதே சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்து என் சித்தப்பா மகன் பந்தியில் உட்கார்ந்துகொண்டு அந்தக் குளிக்காத ஜோக்கை அப்படியே திருப்பிச் சொன்னான். சித்தப்பா வந்து அவன் முதுகில் ஒன்று வைத்தார். "நீ பங்காளிடா. அதெல்லாம் மச்சான் பேசணும்." ஒரே ஜோக்கு, ஒரே மண்டபம். ஒருவனுக்குக் கைதட்டல், இன்னொருவனுக்கு அடி.

எங்கள் பக்கம் கேலி செய்ய மாமன் மச்சானுக்குத்தான் உரிமை. கேலி செய்யப்பட்டவனுக்குத் திருப்பிக் கொடுக்கிற உரிமை உண்டு. இங்கே டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்தவனை யார் வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம், அவன் பதில் சொன்னால் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நானும் ஒருமுறை தப்புக் கணக்குப் போட்டேன். கெவின் தினமும் என் சாப்பாட்டுப் பெட்டியைக் கிண்டல் செய்வான். சரி, இவன் மச்சான் முறை கொண்டாடுகிறான் என்று நினைத்து, எங்கள் ஊர் வழக்கப்படி, உன் அக்காவை எனக்கு எப்போது கட்டிக்கொடுப்பாய் என்று கேட்டேன். அவன் முகம் சுருங்கிப்போனது. மறுநாள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மச்சான் முறையை அவருக்கு விளக்கப் பார்த்தேன். விளக்க விளக்க அது மோசமாகிக்கொண்டே போனது.

இதையெல்லாம் எழுதக் காரணம் என் மகள் கயல். ஏழு வயதில் இங்கே வந்தவள், இப்போது பதினாறு. எங்கள் வட்டார நூலகத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் இளைஞர்கள் ஸ்டாண்டப் பேசுகிறார்கள், அதில் பெயர் கொடுத்திருந்தாள். குளியலறைக் கண்ணாடி முன்னால் அவள் ஒத்திகை பார்த்தது என் காதில் விழுந்தது. எங்கப்பா இந்த நாட்டுக்கு எங்கம்மாவின் லக்கேஜாக வந்தவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அது உண்மை. என் மனைவி நர்ஸ். அவளுக்குத்தான் வேலை கிடைத்தது, விசா கிடைத்தது. அதில் ஒட்டிக்கொண்டு வந்தவன் நான். ஊரில் யாராவது இதைச் சொன்னால் சட்டையைப் பிடித்திருப்பேன். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர்கள் முன்னால் என் மகளே சொல்லப்போகிறாள். நான் வரமாட்டேன் என்றேன்.

"டிவியில அவுங்கவுங்க அப்பாவப் பத்திப் பேசுனா சிரிக்கிறீங்க. நான் பேசுனா மட்டும் தப்பாப்பா?"

"அதெல்லாம் எவனோட அப்பனோ. இது நான்டீ."

அவள் கத்தவில்லை, அழவில்லை. நீங்கள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொன்னாள். வாரக்கணக்காகத் தயாரித்ததை மூட்டை கட்டி வைக்க அவள் தயாராக இருந்தது என்னை இன்னும் எரிச்சலாக்கியது. அங்கே போய் உட்காரவும் முடியவில்லை, அவளைத் தடுக்கவும் மனம் வரவில்லை.

மறுநாள் குமார் போன் செய்தான். கயல் அவனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள்.

"மாமா, அந்தப் பேச்சு என்னுது. ஏர்போர்ட்ல நான் பேசுனதுதான், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. வழியனுப்ப வந்தவன் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாமாவ எடை போட்டியா? ஜாஸ்தியா இருந்தா இங்கியே உட்டுட்டுப் போ" என்றான். அன்று நான்தான் முதலில் சிரித்தேன்.

"கோவம்னா எங்கிட்ட காட்டுங்க. கயலு சடங்குக்கு என்னால சீர் தூக்கிக்கினு வர முடியல. நீங்க அங்க போயி உக்காந்துக்கினீங்க. இத சீர்னு வச்சிக்கங்க. தாய்மாமன் சீர அப்பங்காரன் வேணான்னு சொல்லக் கூடாது."

தாய்மாமன் தட்டை மறுத்த அப்பன் எங்கள் பக்கம் கிடையாது. ஒன்று மட்டும் சொன்னேன். சீர் கொடுக்கிறவன் சபையில் இருக்க வேண்டும்.

அதனால் அந்தச் சனிக்கிழமை நூலகத்தில் எனக்கும் மனைவிக்கும் நடுவில் இருந்த நாற்காலியில் போனை நிறுத்தி வைத்தேன். கடலூரில் விளக்கு வைக்கும் நேரம். கடைக்குள் ஸ்டூல் போட்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் குமார். ஆங்கிலம் தெரியாத மனிதன். கயல் மேடையேறி அந்த லக்கேஜ் ஜோக்கைச் சொன்னாள். கூட்டம் சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. ஆனால் அது மச்சான் குரலாகத்தான் என் காதில் விழுந்தது. மச்சான் கேலிக்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்து எனக்குப் பழக்கம் இல்லை. எழுந்து நின்றேன்.

"அந்த லக்கேஜ் தோள்மேலதான்டீ நீ வழியெல்லாம் தூங்கிக்கினு வந்த."

எங்கள் வீட்டாரைத் தவிர அரங்கில் ஒருவருக்கும் புரியவில்லை. வாசலருகே நின்ற நூலகத்து அம்மாள் வாயில் விரல் வைத்து என்னை உட்காரச் சொன்னார். அந்த அமைதிக்குள், இணைப்பு தாமதமாகி, போனிலிருந்து குமார் சிரித்தான். மேடையில் கயலும் மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு சிரித்துவிட்டாள். மைக்கைத் தூக்கி, அவர் பதில் சொல்லலாம், அவருக்கு உரிமை இருக்கிறது என்று கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

நூலகத்துக்காரர்கள் அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எழுத்து ஓடவிட்டு நான் பலமுறை பார்த்துவிட்டேன். கயல் பேசியதெல்லாம் பிழையில்லாமல் வருகிறது. அவள் ஜோக்குக்குக் கீழே 'சிரிப்பொலி'. நான் எழுந்து பேசும் இடத்தில் 'வேற்றுமொழி' என்று மட்டும் போட்டிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில், அரங்கமே வாயடைத்திருக்கும்போது, மறுபடியும் 'சிரிப்பொலி' என்று எழுதியிருக்கிறது. அந்தச் சிரிப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று எழுதவில்லை.