ஒல்லிப் படத்து ஜோடி

படத்துக்குச் சட்டம் போடும் தொழிலில், மனசுக்குப் பிடித்த படத்தைத்தான் முதலில் பொட்டலம் கட்டி அனுப்ப வேண்டியிருக்கும். அடுத்தவர் பொருள்மேல் ஆசை வைத்துத் தூக்கம் கெட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கதவிடுக்கு

தொண்ணூறுகளில் கோவை மில்களுக்கு ஜப்பான் மெஷின்கள் வந்தன. பொருத்திக்கொடுக்க வந்த ஜப்பான்காரர் எங்கள் தெரு ஃபிட்டர் அண்ணனுக்கு ஒரு படம் கொடுத்துப் போனார். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தை வைத்துத் தேய்த்து எடுத்தது. அங்கே வீட்டுத் தூணில் மாட்டுவார்களாம். அதனால் அகலம் ஒரு சாண்கூட இல்லை, உயரம் மட்டும் ஒரு குழந்தை அளவு. மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் குனிந்து யாரையோ பார்க்கிறாள். யாரை என்பது படத்தில் இல்லை. பூங்கிளைகூட ஓரத்தில் பாதியோடு நின்றது.

சட்டம் போட்டு வைத்தேன். வாங்க வந்த அண்ணன் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கதவைக் கொஞ்சூண்டு திறந்து அடுத்த ஊட்டைப் பாக்கறாப்ல இருக்குதுங்க அம்மணி. எங்கூட்டுக்காரி மாட்ட உடமாட்டா, நீங்களே வெச்சுக்குங்க."

மாலை

பிறகு மில் ஆட்கள் யார் வந்தாலும் விசாரிப்பேன். கொக்கு, மீன், குடைக்காரி என்று சில ஒல்லிப் படங்கள் சேர்ந்தன. பூச்சி அரிக்குமோ, வெயிலில் வெளுக்குமோ என்று எந்நேரமும் கவலை. அவள் யாரைப் பார்க்கிறாளோ, அவன் மட்டும் வரவில்லை.

எங்கள் கடைச் சுவரில் இருப்பவர்கள் பெரும்பாலும் இறந்துபோனவர்கள். மாமியார் போட்டோவோடு வந்த பெருந்துறை அம்மா என் ஜன்னல்காரியைப் பார்த்து, "சின்ன வயசாட்ட இருக்குதே, எப்படிப் போச்சுங்க?" என்றார். அவள் சாகவில்லை, ஒருத்தனுக்காகக் காத்திருக்கிறாள் என்றேன். அந்த அம்மா சிரிக்கவேயில்லை. "அப்படீன்னா மாலை கீலை போட்டுப்போடாதீங்க கண்ணு, வாரவன் திரும்பிப் போயிருவான்."

வந்தவன்

உடுமலைப்பேட்டை தேங்காய் வியாபாரி ஒருவர் சட்டம் போட ஒரு சுருளைக் கொண்டுவந்தார். நார் வாங்க வந்த ஜப்பான்காரர் கொடுத்ததாம். அவர் போனதும் விரித்தேன். ஓர் இளைஞன் அண்ணாந்து நிற்கிறான், தலைக்கு மேல் பாதிப் பூங்கிளை. என்னுடையதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். கிளையோடு கிளை சேர்ந்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இத்தனை நாளா இவனைத்தான் தேடிட்டிருந்தயா? செரி, சோறு ஆறுது, வா."

ஒற்றை ஆள் சாமி

வியாபாரி திரும்பி வந்தபோது அந்தப் படத்தை எனக்குக் கேட்டேன். அவருடைய புது வீட்டில் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு குறுகல் சுவர். அதில் இதுதான் பொருந்துமாம். அதே அளவில் சாமி படம் கொடுத்தால் மாற்றிக்கொள்ளலாம் என்றார். தேடினேன். முருகனுக்கு வள்ளி, தெய்வானை. லட்சுமிக்கு இருபக்கமும் யானை. பிள்ளையாரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கடைசியில் தண்டத்தோடு தனியாக நிற்கும் பழனி ஆண்டவர் கிடைத்தார். அளவு கச்சிதம். வியாபாரிக்கும் திருப்தி.

கூட வந்த அவர் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாமி நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா எல்லாத்தையும் துறந்துபோட்டுக் கோவணத்தோட நிக்கறவரைப் புது ஊட்டுல எப்படீங்க மாட்டறது?"

இப்போது அவன் உடுமலைப்பேட்டையில் அண்ணாந்து நிற்கிறான், அவள் என் கடையில் குனிந்து பார்க்கிறாள், பொள்ளாச்சி வழியாக நேர் பஸ் இருந்தும் பிரயோஜனமில்லை.